பின்பக்கத்து வலது மூலை

ஆஸ்பத்திரியில் அவரைக் 'காது சார்' என்பார்கள். இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே அவருடைய இடம். பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கூண்டு. உள்ளே சுவர் முழுக்கத் துளை போட்ட பலகை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்து அழுத்த ஒரு பொத்தான். காது மந்தமென்று வருகிறவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இவர் கண்ணாடிக்கு வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காமலே கேட்ட மாதிரி அழுத்துகிறவர்களும் உண்டு. அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அவற்றைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு மனிதரின் காது ஒரே தாளில் அடங்கிவிடும். முப்பது வருஷமாக அவர் போட்ட கோடுகளில் முக்கால்வாசி இடமிருந்து வலமாகக் கீழே இறங்கியவை.

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு வேறு பெயர். மச்சினன் வைத்தது: 'நாலு ஸ்பீக்கர்'. காரணம், அவர் வீட்டுக் கூடம். நாலு மூலையிலும் ஆள் இடுப்பு உயரத்துக்கு நாலு ஸ்பீக்கர் பெட்டிகள். நட்ட நடுவில் தரையில் வெள்ளை டேப்பால் ஒட்டிய ஒரு குறி. அதன்மேல் ஒரே ஒரு நாற்காலி. வருகிறவர்கள் யாராவது கால் வலிக்கிறதென்று அந்த நாற்காலியை இழுத்துப்போட்டுவிட்டால் காது சாருக்கு முகம் சுருங்கிவிடும்.

"வீட்டுக்கு வந்த மனுஷங்க நிக்கிறோம். மச்சானோட பெட்டிங்க மட்டும் ஜம்முன்னு உக்காந்திருக்கு" என்பான் மச்சினன். மனைவி சிரித்துவிட்டுச் சமையலறையிலிருந்து ஸ்டூல் எடுத்துவந்து போடுவாள்.

இந்தப் பித்து அவருக்கு இருபத்தோரு வயதில் பிடித்தது. ரேடியோ கடை ஒன்றில் ஏதோ பேட்டரி வாங்கப் போனவரை, கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்து நாலு ஸ்பீக்கருக்கு நடுவே உட்காரவைத்தார். பெரிய டேப் சக்கரம் இரண்டு சுற்றின. முன்னால் வயலின் வாசித்தார்கள், சரி, கேட்டதுதான். திடீரென்று முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குத் திரும்பிய கழுத்து அதன்பிறகு நேராகவே இல்லை என்பது மச்சினனின் கணிப்பு.

சாதாரண டேப்பில் இரண்டு தடம் ஒரு பக்கமாக ஓடும். தீர்ந்ததும் சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு தடம் ஓடும். இந்த ரகத்தில் அப்படி இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான நாடாவில் நாலு தடமும் ஒரே திசையில் சேர்ந்து ஓடும். முன்னிடது, முன்வலது, பின்னிடது, பின்வலது என்று மூலைக்கு ஒன்று. கம்பெனிகள் ஆரவாரமாகக் கொண்டுவந்தன. நாலைந்து வருஷத்திலேயே வாங்க ஆளில்லை என்று கைகழுவிவிட்டன. கைகழுவியதையெல்லாம் இவர் பொறுக்கிச் சேர்த்தார். பழைய கடைகள், மூடிய கிளப்புகள், செத்துப்போனவர்களின் பரண்கள். முந்நூற்று நாற்பது சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: எந்த வருஷம், எந்த நாடா, என்ன பதிவு, எந்த மூலையில் என்ன வாத்தியம். கூடத்தை ஒட்டிய அறையில் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. மனைவிக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவ்வளவு அடிக்கடி தெர்மாமீட்டர் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அவள் அதைச் சண்டையாகச் சொன்னதில்லை, தகவலாகத்தான் சொல்வாள்.

மூடப்போகிற ரேடியோ கடை ஒன்றின் கிடங்கில் அந்தச் சக்கரம் கிடைத்தது. மற்றவையெல்லாம் கம்பெனி அச்சடித்த பெட்டியில் இருக்க, இது வெறும் வெள்ளைப் பெட்டி. மேலே நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'பொருட்காட்சிக்கு. நாலு வாத்தியம். முன்னிடது கிட்டார், முன்வலது பியானோ, பின்னிடது டிரம், பின்வலது கிளாரினெட்.' ஒரு தேதி. அவ்வளவுதான். கடையில் விற்ற பதிவுகள் ஆயிரக்கணக்கில் அச்சானவை. இது கையால் பதிவு செய்த ஒரே பிரதி. உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

கைகால் ஓடவில்லை அவருக்கு. வீட்டுக்கு வந்ததும் மெஷினில் மாட்டினார். முக்கால் நிமிஷம் ஓடியது. பிறகு நாடா கிறீச்சிட ஆரம்பித்தது. நாடாவை உரசி அதிலுள்ள சத்தத்தை எடுக்கிற மெஷினின் தலைப்பகுதியில் பழுப்பாக ஒரு பிசின் அப்பிக்கொண்டது. அந்தக் காலத்து நாடாவில் சில ரகம் இப்படித்தான். பூச்சைப் பிடித்து வைக்கும் பசை காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக் குடித்து இளகிவிடும். ஐம்பத்து நாலு டிகிரிச் சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து உலர்த்தினால் இரண்டு மூன்று வாரம் நல்லபடியாக ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய சூட்டுப்பெட்டி ஒன்று இதற்கென்றே அவரிடம் இருந்தது. ஆக, நாடாவால் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் மெஷினில் இருந்தது. ஓடிய முக்கால் நிமிஷத்தில் மூன்று மூலைகள் பேசின. நாலாவது மூலை, பின்வலது, முனகக்கூட இல்லை. மெஷினின் நாலாவது தலை தேய்ந்து ஓய்ந்துபோயிருந்தது.

மாற்றுத் தலைக்கு உலகம் முழுக்க எழுதிப் போட்டார். அது வரும்வரை அட்டையை நிரப்பலாமே என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் கொடுத்தார்: இன்ன வருஷப் பொருட்காட்சிக்காக நாலு பேர் வாசித்த பதிவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.

அதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

எழுபத்தோரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த நடை, குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரிக்கே நேராக வந்துவிட்டார். போனில் பேசினால் இப்போதெல்லாம் பாதி புரிவதில்லையாம்.

"விளம்பரத்துக்கும் வந்தேன், காதுக்கும் வந்தேன். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சதும் சிரிப்பு வந்துடுச்சு" என்றார். "அந்த நாலு பேர்ல கிளாரினெட் வாசிச்சது என் தம்பி, சார்."

தாய் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயது மூத்தவராக அவனை வளர்த்தவர். பக்கத்து வீட்டார் புகார் சொன்னதால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினானாம். ஒரு ஓட்டலில் மாலை வேளையில் வாசிக்கிற குழுவில் சேர்ந்தான். டேப் மெஷின் விற்கிற ஏஜெண்டு ஒருவர், பொருட்காட்சியில் போட்டுக் காட்டுவதற்காக அந்தக் குழுவை ஒரு பள்ளிக்கூட ஹாலின் நாலு மூலையில் உட்காரவைத்துப் பதிவு செய்தார். எட்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலை வந்து தம்பி போய்விட்டான். இருபத்தேழு வயது. அவன் வாசித்ததோ பேசியதோ வேறெதிலும் பதிவாகவில்லை.

"நான் அந்த டேப்பை ஒரு தடவைகூட கேட்டதில்ல. இன்னும் இருக்குன்னே தெரியாது, உங்க விளம்பரம் பாக்குற வரைக்கும்."

காது சார் அன்று மிகவும் கனிவாக நடந்துகொண்டார். முதலில் அவர் காதைச் சோதித்தார். மேல் ஸ்தாயிச் சத்தங்களில் கொஞ்சம் இறக்கம், வயதுக்கு மோசமில்லை. ஹெட்போனில் சொல்லும் ஐம்பது வார்த்தைகளில் நாற்பத்தாறைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எந்தப் பள்ளிக்கூடம், ஹாலில் என்ன தரை, பதிவு காலையிலா மாலையிலா, பியானோக்காரர் யார், என்ன மெட்டு, யார் எழுதியது. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அடுத்த வாரம், தம்பி கைப்பட எழுதிய இசைக்குறிப்புத் தாள் இரண்டைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். காது சார் அதை உறையில் போட்டு அட்டையோடு பின் பண்ணிக்கொண்டார்.

"எப்ப சார் கேக்கலாம்?"

"ஒரு சின்ன பார்ட் வரணும்மா. வந்ததும் கூப்பிடுறேன். நாலு மூலையும் சேர்ந்து கேக்கணும். அப்பதான் அது முழுசு."

"எனக்கு அவன் மூலை மட்டும் போதும்."

"அந்த மூலைதாம்மா பிரச்சினை" என்று சிரித்தார் இவர். அவரும் சிரித்தார்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று மாலையே காது சார் இதை மனைவியிடம் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "வேற வழியே இல்லையா?" என்றாள்.

வழி இருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வழி. சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் நாலாவது தடம் முதல் தலைக்கு நேராக வந்துவிடும். முதல் தலை நன்றாகத்தான் இருந்தது. என்ன, சத்தம் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பொத்தானைத் தட்டினால் நேராகிவிடும். சூட்டுப்பெட்டியில் ஒரு பகல், கம்ப்யூட்டரில் அரை மணி.

"அப்புறம் என்ன, செஞ்சு குடுத்துடுங்களேன்."

"அது முறையில்ல. தனியா எடுத்தா மத்த மூணோட அந்தத் தடம் இம்மி பிசகாம சேராது. நாடா ஒவ்வொரு ஓட்டத்துலயும் கொஞ்சம் இழுபடும். அதுவும் இதை ஒரு தடவைதான் உலர்த்தணும்னு நெனச்சிருக்கேன். சும்மா சும்மா சூடு காட்டக்கூடாது."

"அந்தம்மா சேரணும்னு கேக்கலையே. தம்பியைத்தானே கேக்கறாங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அவள் ஒரு சட்டையை மடித்து இன்னொரு சட்டையின்மேல் வைத்தாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. அவரைப் போலவே இந்த நாடாக்களைச் சேர்க்கிற முப்பது நாற்பது பேர் வெவ்வேறு நாடுகளில் இருந்தார்கள். கடிதத்திலும் பிறகு கம்ப்யூட்டரிலும் பழக்கம். வெள்ளைப் பெட்டியைப் பற்றி அவர் எழுதியதும் அவர்கள் ஆளாளுக்குப் பாராட்டி எழுதினார்கள். யாருக்கும் கிடைக்காதது இவருக்குக் கிடைத்திருந்தது. நாலு தடமும் பிசிறில்லாமல், முழுசாக, தன் கையால் வெளியே வரவேண்டும் என்பது அவருக்கு ஒரு வைராக்கியமாகிவிட்டது. அரைகுறையாக ஒரு நகல் எங்காவது சுற்ற ஆரம்பித்துவிட்டால்?

ஆறு மாதம் கழித்து எக்ஸ்சேஞ்ச் அம்மா மறுசோதனைக்கு வந்தார். கூண்டுக்குள் போகுமுன்பே, "என் தம்பி ரெடியா?" என்றார்.

"ஒரு தலை வந்துச்சும்மா. மாட்டிப் பாத்தா வேற மாடலோடது. திருப்பி அனுப்பியிருக்கேன்."

"அவன் எப்பவும் அப்படித்தான். குளிக்கப் போனாலும் லேசுல வெளிய வரமாட்டான்."

சிவப்பு வட்டங்கள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன. வார்த்தைகள் நாற்பது. இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ள மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பொருத்திக்கொண்டு, "எக்ஸ்சேஞ்ச்ல போட்ட ஹெட்செட் இதைவிட நல்லா இருக்கும்" என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வார்த்தைகள் இருபத்தெட்டு.

கோட்டை வரைந்து முடித்த காது சாருக்குப் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. எழுபது வயதில் காது மெல்ல இறங்குவது வேறு. இது படியில் உருண்டு இறங்குகிறது. சத்தம் எட்டும், ஆனால் எட்டிய சத்தம் என்ன சத்தமென்று மூளைக்குப் பிரித்துச் சொல்லுகிற நரம்பு கைவிட்டுக்கொண்டிருந்தது. மெஷின் போட்டுச் சத்தத்தைக் கூட்டலாம். பிரித்துக் கொடுக்க எந்த மெஷினாலும் ஆகாது. காது வைத்தியரிடம் அனுப்பினார். மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள் கருவி வைக்கிற அறுவை சிகிச்சைக்கு இருதயம் தாங்காது என்றார்கள். தாங்கினாலும் அதில் பேச்சு கேட்கும், கிளாரினெட் கிளாரினெட்டாகக் கேட்காது என்பது காது சாருக்குத் தெரியும்.

எல்லாம் தெரிந்தவர், வீட்டுக்குப் போய் அன்றைக்கே சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். போடவில்லை. தலை விஷயமாக இன்னும் இரண்டு பேருக்கு அவசரம் என்று எழுதினார். தன் பங்குக்கு அவசரப்பட்டுவிட்டதாக அவருக்கு ஒரு திருப்திகூட ஏற்பட்டது. பின்னாளில் அவர் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த ஒரு மாலைக்காகத்தான். அறியாமல் செய்ததென்று சொல்லிக்கொள்ள அன்று ஒன்றுமே மிச்சமில்லை. தாளும் கோடும் அவர் கையெழுத்தில் இருந்தன.

சரியான தலை வந்தபோது முதல் சந்திப்பு நடந்து ஒரு வருஷம் பதினொரு மாதம் ஆகியிருந்தது. நடுவில் எக்ஸ்சேஞ்ச் அம்மா ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்ததாக ஒரு கடிதம் வந்தது. சோதனைக்கு வரவில்லை.

சனிக்கிழமை பகல் முழுக்க நாடா சூட்டுப்பெட்டியில் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மெஷினில் ஏற்றி, தலையின் சாய்வை மயிரிழை மயிரிழையாகத் திருகிச் சரிசெய்து, குறியின்மேல் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சக்கரம் சுற்றியது.

முதலில் ஹால். யாருமே வாசிக்காத ஒரு ஹாலின் சத்தம். நாற்காலி இழுபட்டது. முன்னால் பியானோ மூடி திறந்தது. அப்போது பின்னால், வலது பக்கம், காதுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வாலிபக் குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: "இருங்க இருங்க, ஷூ கத்துது. கழட்டிட்டு வந்துடறேன்."

காது சார் திரும்பிப் பார்த்துவிட்டார். ஐம்பத்து நாலு வயதில், எல்லாம் தெரிந்தும்.

பிறகு வாசித்தார்கள். ஒன்பது நிமிஷம். கிட்டாரும் டிரம்மும் சும்மா ஓட்டல் வாசிப்புதான். கிளாரினெட் அப்படி இல்லை. அது கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே வாசித்துப் பழகிய ஒருவனின் வாசிப்பு. யாருக்கும் கேட்டுவிடக்கூடாதே என்று அடக்கி அடக்கி, அப்புறம் பொறுக்க முடியாமல் ஒரே ஒரு இடத்தில் பொங்கிவிடுகிற வாசிப்பு. நாலு தடமும் சுத்தமாக இருந்தன. அவர் ஆசைப்பட்டபடியே இருந்தது. மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"அவங்க தம்பிதானா அது?" என்றாள்.

"ம்."

"சின்னப் பையன் குரல்" என்றாள். "அந்தம்மாவுக்கு இன்னைக்கே சொல்லுங்க."

போனில் பேச முடியாதென்று அன்றைக்கே கடிதம் எழுதிப் போட்டார். அடுத்த ஞாயிறு எக்ஸ்சேஞ்ச் அம்மா வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "எதாவது சொல்லணும்னா இதுல எழுதிடும்மா. வாயைப் பாத்துப் புரிஞ்சுக்க இன்னும் பழகல" என்றார். குரல் கொஞ்சம் உரத்துத் தட்டையாகியிருந்தது. தன் குரலே தனக்குக் கேட்காதவர்களுக்கு அப்படி ஆகும்.

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெஷினை ஓடவிட்டார். ஒலியளவை அவர் வழக்கமாக வைக்கிற இடத்திலிருந்து கூட்டி, இன்னும் கூட்டி, ஸ்பீக்கர் தாங்குகிற மட்டும் கூட்டினார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. எக்ஸ்சேஞ்சில் இரைச்சலுக்குள்ளே ஒரு குரலைப் பிடிக்க இப்படித்தான் சாய்ந்திருப்பார் போலும். மூன்று நிமிஷம் அப்படியே இருந்தார்.

பிறகு கண்ணைத் திறந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

காது சார் தலையாட்டினார்.

"ஏதோ ஓடுது. தண்ணி மோட்டார் மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "இதுலயா இருக்கான்?" என்று கேட்டார்.

காது சார் நோட்டை வாங்கினார். தம்பி முதலில் பேசுகிறான் என்று எழுதி, அவன் சொன்னதை அப்படியே எழுதினார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஷூவா! அது எங்க அப்பாவோடது. ரெண்டு சைஸ் பெருசு. உள்ள காகிதம் திணிச்சுப் போட்டுட்டுப் போனான். ஒழுங்கா வாங்கித் தரேன்டான்னா கேக்கல." சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நடுவுல ஒரு இடத்துல மேல ஏறுவான். ஏறும்போது ஒரு சுரம் தப்பும். வீட்ல வாசிக்கிறப்ப எப்பவும் அங்க தப்பு விடுவான். விட்டானா?"

ஐந்தாவது நிமிஷத்தில், கிளாரினெட் பொங்குகிற இடத்தில், ஒரு சுரம் இடறியிருந்தது. நாடாவில்தான் ஏதோ கோளாறு என்று அட்டையில் குறித்து வைத்திருந்தார் காது சார். 'ஆமாம்' என்று எழுதினார்.

"அப்ப அவன்தான்" என்றார் அந்த அம்மா.

சக்கரம் தீர்ந்து, நாடாவின் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. மனைவி போய் மெஷினை நிறுத்தினாள். டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"பொருட்காட்சி பத்து நாள் நடந்துச்சு. தினமும் சாயங்காலம் இந்த டேப்பை அங்க போட்டாங்க. அவன் தினமும் கூப்பிட்டான், அக்கா இன்னைக்காவது வாயேன்னு. எனக்கு ஷிப்டு. நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னேன். பதினொண்ணாம் நாள் லீவு போட்டுட்டுப் போறேன், கொட்டகையைப் பிரிச்சிட்டிருக்காங்க." டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "நான் தள்ளிப் போட்டேன்னா எனக்கு வேலை இருந்துச்சு சார். உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. நோட்டு காது சார் மடியில் இருந்தது. தலை தேய்ந்ததை எழுதலாம்; தடங்கள் பிசகும் என்பதை எழுதலாம். திருப்பிப் போட்டு ஒரே நாளில் எடுத்திருக்கலாம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு, நோட்டை மெல்ல வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

நகல் எடுத்த சிடி தட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாசல் வரை போன மனைவி திரும்பி வந்து, "எதுக்கு இனிமேன்னு கேக்க நெனச்சேன். வாய் வரல" என்றாள். பிறகு நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டாள். அவர் அதைத் திரும்ப இழுத்துப் போடவில்லை.

காது சார் அந்தப் பதிவைப் பற்றி வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதவே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டு வந்த கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. அதன்பிறகு யாராவது ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து, இதில் எங்கப்பா பேசுகிறார், இதில் எங்கள் பள்ளிக்கூடப் பாட்டு இருக்கிறது என்று சொன்னால், எந்த மெஷினில் ஓடுகிறதோ அந்த மெஷினில், இரைச்சலோ கிறீச்சோ, அன்றைக்கே ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அட்டையையே தொடுவார். பிசகில்லாத நகல் பிறகு மெதுவாக நடக்கும். பெரும்பாலும் அதை வாங்கிப் போக யாரும் வருவதில்லை. முதல் நகலே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

தான் ஓய்வு பெற்ற மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் காது சார் எக்ஸ்சேஞ்ச் அம்மா வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி, இரண்டே அறை. காலிங் பெல்லுக்குப் பதில் உள்ளே ஒரு விளக்கு மின்னும்படி வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் வாங்க வாங்க என்றார். பக்கத்து வீட்டுப் பூனை தன் பால்கனியில் குட்டி போட்டதை விலாவாரியாகச் சொன்னார். தட்டைத் தினமும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது போடுவாராம். யாராவது வந்தால் அவர்களுக்குப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பாராம். தப்பு விடுகிற இடம் வந்தால் சிலர் புருவத்தைத் தூக்குவார்களாம். தூக்காதவர்களுக்கு இசையறிவு கிடையாது என்றார்.

அவர் பேசி முடித்ததும் காது சார் மேஜைமேல் இருந்த நோட்டை இழுத்து, 'என்னை மன்னிச்சிடுங்க' என்று எழுதித் திருப்பி வைத்தார்.

அந்த அம்மா படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார்.

"எதுக்கு, காது போனதுக்கா?" என்றார். "அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

டேப்பைத் தள்ளிப் போட்டதைப் பற்றியும் சொல்வாரென்று காது சார் காத்திருந்தார். அந்த அம்மா நோட்டில் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு, எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தார். காது சார் டீயைக் குடித்தார். அந்த அம்மா பூனைக்குட்டிகளைக் காட்டினார்; மூன்று இருந்தன; பார்த்தார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, படியிறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.